யு-டியூப் உங்களுக்காகத் தேர்ந்தெடுக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் யு-டியூப் தளத்தைத் திறந்தவுடன், "எனக்குப் பிடித்ததெல்லாம் இதற்கு எப்படித் தெரியும்?" என வியப்பதுண்டு. நீங்கள் எதைத் தேடினீர்கள், எதைக் கிளிக் செய்தீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்ற பதிவுகளை வைத்து, அடுத்து எதைப் பார்ப்பீர்கள் என்று அது ஊகிக்கிறது. இந்தக் கணக்கிடும் வழிமுறையைத்தான் அல்காரிதம் என்கிறோம். 2012ல், கிளிக் எண்ணிக்கையைவிடப் பார்த்த நேரத்திற்கு அதிக மதிப்பு தரும்படி இது மாற்றப்பட்டது. எனவே எரிச்சலோடு கடைசி வரை பார்த்த வீடியோவும் உங்கள் ரசனைக் கணக்கில் சேரலாம்.

வீட்டில் அனைவரும் ஒரே அக்கவுண்ட்டில் பார்த்தால், தாத்தாவின் கச்சேரியும் பேரனின் கேம்ஸும் கலந்துவிடும். இது வேடிக்கை. கவலை தருவது வேறு. அது காட்டுவதைப் பார்க்கிறோம்; பார்த்த வகையையே மீண்டும் காட்டுகிறது. மெல்ல மெல்ல, நாமாக ஒன்றைத் தேடுவதே நின்றுபோகிறது.

இடது பக்க மெனுவில் ஹிஸ்டரி பகுதிக்குச் செல்லுங்கள். இதுவரை பார்த்தவற்றின் பதிவை நீக்குங்கள். இனிப் பதிவு செய்வதையும் அங்கேயே நிறுத்தி வைக்கலாம். இரண்டையும் செய்தால், முகப்புப் பக்கத்தில் பரிந்துரை வீடியோக்கள் வராது. 2023 ஆகஸ்ட் மாதம் வந்த மாற்றம் இது. பக்கம் முதலில் வெறிச்சென்றிருக்கும். தேடல் கட்டத்தில் என்ன டைப் செய்வது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.