பழைய பொருள்களின் ஏலமும் விலையும்

பலர் போட்டியிட்டு விலை கேட்க, அவர்களுள் அதிக விலை கேட்டவருக்குப் பொருளை விற்கும் முறை ஏலம் எனப்படும். காய்கறி, மீன், பருத்தி, தேயிலை ஆகியவையும் ஏலத்தில் விற்கப்படுகின்றன. ஆயினும் பயன்படுத்திய பொருள்களுக்கு ஏலம் தனியாகப் பொருந்துகிறது. புதிய தையல் மெஷின் ஒன்றின் பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும். அதே மெஷின் பத்தாண்டு ஓடிய பிறகு அதற்கு அச்சிட்ட விலை ஏதும் கிடையாது. அது எப்படிப் பராமரிக்கப்பட்டது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, யாருக்கு அது தேவைப்படுகிறது என்பவற்றைப் பொறுத்து ஒவ்வொரு பழைய பொருளின் விலையும் மாறுபடும். அந்த விலையைக் கண்டறியும் வழிகளுள் ஒன்றே ஏலம்.

தமிழில் வழங்கும் ‘ஏலம்’ என்னும் சொல்லே போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தது. கோவா, கொச்சி வழியாக வந்த வணிகம் விட்டுச் சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று கூவி முடிப்பது நம் ஏலங்களின் வழக்கம்.

இரண்டாமவரே விலையை வைக்கிறார்

ஏலத்தில் வென்றவரே விலையைத் தீர்மானிக்கிறார் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மையில் அவருக்கு அடுத்த நிலையில் நின்று தோற்றவரே விலையை வைக்கிறார். ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம்.

பழைய தையல் மெஷின் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. மூவர் கேட்க வந்துள்ளனர். கடை வைத்திருக்கும் தையற்காரருக்கு அது 9,000 ரூபாய் வரை பெறும். பழைய சாமான் வியாபாரி 6,500 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அவருக்கு இலாபம் நிற்காது. வீட்டுத் தேவைக்கு வாங்க வந்தவர் 5,000 ரூபாய் வரை போகத் தயார். நூறு நூறாக ஏறும் ஏலத்தில் 5,000 ரூபாயில் வீட்டுக்காரர் விலகுவார். 6,500 ரூபாயில் வியாபாரி நின்றுவிடுவார். தையற்காரர் 6,600 ரூபாய்க்கு மெஷினை எடுத்துச் செல்வார். அவர் மனத்தில் இருந்த 9,000 ரூபாய் விற்பவருக்கோ மற்றவருக்கோ தெரியாமலேயே போய்விடும். அன்று வியாபாரி வராமல் இருந்திருந்தால் அதே மெஷின் 5,100 ரூபாய்க்கு முடிந்திருக்கும். மெஷினும் தையற்காரரின் தேவையும் மாறவில்லை. இரண்டாவது ஆள் மாறினார், 1,500 ரூபாய் குறைந்தது.

மூடிய உறையில் விலை எழுதித் தரும் முறையில் இதே கணக்கு வேறு வடிவில் வருகிறது. எழுதிய விலையையே கட்ட வேண்டும் என்பதால் தையற்காரர் 9,000 ரூபாய் என்று எழுதமாட்டார். அடுத்தவர் என்ன எழுதுவார் என்று ஊகித்து அதற்குச் சற்று மேலே எழுத முயல்வார். ஊகம் தவறினால் ஒன்று அதிகம் கொடுப்பார், அல்லது பொருளை இழப்பார்.

இந்த ஊகத்தைத் தேவையற்றதாக்கும் வழியைப் பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் ஆராய்ந்தார். உறையில் அதிக விலை எழுதியவர் வெல்வார். ஆனால் இரண்டாவது அதிக விலையையே கட்டுவார். இந்த ஏற்பாட்டில் ஒவ்வொருவரும் தமக்குப் பொருள் எவ்வளவு பெறுமோ அதை அப்படியே எழுதுவதுதான் சிறந்த உத்தி. குறைத்து எழுதினால் வெல்லும் வாய்ப்புத்தான் குறையும், கட்டும் தொகை குறையாது. கூட்டி எழுதினால் தம் மதிப்புக்கு மேல் கட்ட நேரும். விக்ரிக்கு 1996-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த சில நாள்களில் அவர் காலமானார். பழைய அஞ்சல்தலை வணிகர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்காவில் அஞ்சல் வழி ஏலங்களில் இம்முறையைக் கையாண்டிருந்தனர் என்பது பின்னர் தெரியவந்தது. நேரில் வர முடியாதவர் உச்ச விலையைக் கடிதத்தில் எழுதி அனுப்பலாம், அடுத்தவர் விலைக்குச் சற்று மேல் மட்டும் கட்டினால் போதும் என்பது அவர்கள் கண்ட நடைமுறை.

இணைய ஏலம்

1995-இல் பியர் ஒமிடியார் அமெரிக்காவில் தொடங்கிய ஏலத் தளமே பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது. அதில் முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி. 14.83 டாலருக்கு விற்ற அதை வாங்கியவர், உடைந்த லேசர் சுட்டிகளைச் சேகரிப்பவர் என்று சொல்லப்படுகிறது. பழைய பொருளுக்குச் சரியான ஆள் எங்கோ இருப்பார், அவரை எட்டுவதே கடினம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஈபே தளத்தில் வாங்குபவர் தம் உச்ச விலையைப் பதிவு செய்துவிடலாம். மற்றவர் கேட்கக் கேட்க, கணினி அவருக்காகத் தேவையான அளவு மட்டும் உயர்த்திக்கொண்டே போகும். முடிவில் அவர் கட்டுவது இரண்டாமவரின் விலையும் அதன்மேல் ஒரு படியும்தான். விக்ரியின் கணக்குப்படி ஒருமுறை உண்மையான விலையைப் பதிந்துவிட்டு உறங்கப் போகலாம். ஆனால் பலர் அவ்வாறு செய்வதில்லை. ஏலம் முடியும் கடைசி நொடிகளுக்காகக் காத்திருந்து விலை கேட்கின்றனர். முன்பே கேட்டால், உச்ச விலையைச் சிறுகச் சிறுக உயர்த்தும் பழக்கமுள்ள போட்டியாளர் விழித்துக்கொள்வார் என்பது ஒரு காரணம். விவரம் தெரிந்தவர் ஒருவர் கேட்கிறார் என்றால் அந்தப் பழைய நாற்காலியோ கடிகாரமோ அசல்தான் என்று மற்றவரும் பின்தொடர்வார்கள் என்பது இன்னொன்று.

ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் ஆகிய இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் ஈபே ஏலங்களை அமேசான் அப்போது நடத்திய ஏலங்களோடு ஒப்பிட்டனர். ஈபேயில் குறித்த நேரத்தில் ஏலம் முடிந்துவிடும். அமேசானில் கடைசிக் கேள்விக்குப் பின் பத்து நிமிடம் யாரும் கேட்காமல் இருந்தால்தான் முடியும். கடைசி நேரக் கேள்விகள் ஈபேயில்தான் மிகுதியாக இருந்தன. இந்தியாவில் அரசு நிறுவனங்களின் பழைய இரும்பு, இயந்திரங்கள் முதலியவற்றை விற்கும் மின் ஏலங்களிலும் இறுதி நிமிடங்களில் கேள்வி வந்தால் நேரம் தானாக நீளும் ஏற்பாடு உள்ளது. மூன்றாம் தரம் சொல்லும்முன் ஒருவர் கை தூக்கினால் மறுபடி முதல் தரத்திலிருந்து தொடங்கும் பழைய வழக்கமும் இதுவே.

வென்றவரின் இழப்பு

தையற்காரர் மெஷினைத் தாமே பயன்படுத்தப் போகிறார். அவருடைய 9,000 ரூபாய் அவருக்கே உரிய மதிப்பு. வியாபாரியின் நிலை வேறு. மறுபடி விற்றால் என்ன கிடைக்கும் என்று அவர் மதிப்பிட வேண்டும். ஏலத்துக்கு வந்த எல்லா வியாபாரிகளும் அதே சந்தை விலையைத்தான் ஊகிக்கின்றனர். சிலர் குறைவாகவும் சிலர் மிகையாகவும் ஊகிப்பர். வெல்பவர் எல்லோரிலும் மிகையாக ஊகித்தவராக இருப்பார். வென்றோம் என்ற செய்தியே, தம் மதிப்பீடு தவறாக இருக்கலாம் என்பதற்கான அறிகுறியாகவும் ஆகிவிடுகிறது. எண்ணெய் வயல் ஏலங்களில் ஈடுபட்ட மூன்று பொறியாளர்கள் 1971-இல் இதை விளக்கி எழுதினர். ‘வென்றவரின் சாபம்’ என்ற பெயரில் இது அறியப்படுகிறது.

மாக்ஸ் பேசர்மன், வில்லியம் சாமுவல்சன் ஆகியோர் 1983-இல் வெளியிட்ட பரிசோதனை மிக எளியது. எட்டு டாலர் மதிப்புள்ள நாணயங்களை ஒரு சாடியில் இட்டு வணிகவியல் மாணவர்களிடம் ஏலம் விட்டனர். மாணவர்களின் சராசரி மதிப்பீடு 5.13 டாலர், உண்மையைவிடக் குறைவு. ஆயினும் வென்ற கேள்விகளின் சராசரி 10.01 டாலர். மொத்தத்தில் எச்சரிக்கையாக இருந்த கூட்டத்திலும் வென்றவர் இரண்டு டாலர் இழந்தார். கூட்டம் பெரிதாகும்போது இந்த ஆபத்தும் கூடும். ஆகவே மறுவிற்பனைக்கு வாங்குபவர் போட்டி அதிகமான ஏலத்தில் தம் விலையைக் குறைத்துக்கொள்வதே முறை. உற்சாகம் அதற்கு நேர் எதிர்த் திசையில் இழுக்கும்.

மதிப்பிடுவதற்கு ஒரு பிடிமானம் தேவை. வாகனங்களுக்கு இந்தியாவில் காப்பீட்டு மதிப்பு அவ்வாறு பயன்படுகிறது. இரண்டு முதல் மூன்று ஆண்டு ஓடிய வண்டிக்கு விலையில் 30 விழுக்காடும், நான்கு முதல் ஐந்து ஆண்டு ஓடியதற்கு 50 விழுக்காடும் தேய்மானமாகக் கழிக்கப்படும். இது வயதை மட்டுமே பார்க்கும் கணக்கு. வெள்ளத்தில் நின்ற வண்டியும் கொட்டகையில் நின்ற வண்டியும் இதில் ஒன்றே.

விற்பவருக்குக் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலை விலையை என்ன செய்கிறது என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்களைக் கொண்டு விளக்கினார். நல்ல வண்டியையும் மோசமான வண்டியையும் பிரித்தறிய முடியாத வாங்குநர் இரண்டுக்கும் பொதுவான ஒரு நடுத்தர விலையே தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்கமாட்டார், மோசமான வண்டிக்காரர் மகிழ்ச்சியாக விற்பார். நாளடைவில் சந்தையில் மோசமானவையே மிஞ்சும். இதனால் குறையை மறைப்பது நேர்மையான விற்பனையாளருக்கும் கேடு. ஈபேயில் பழைய அஞ்சலட்டைகளைக் கொண்டு நடந்த ஒரு பரிசோதனை 2006-இல் வெளியானது. ஒரே வகை அட்டைகளை ஒரே விற்பனையாளர், நற்பெயர் பெற்ற தம் கணக்கிலிருந்தும் புதிதாகத் தொடங்கிய கணக்குகளிலிருந்தும் விற்றார். நற்பெயர் உள்ள கணக்குக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு அதிகம் கொடுக்க வாங்குவோர் தயாராக இருந்தனர்.

போலிக் கேள்வியும் கூட்டுச் சதியும்

இரண்டாமவரே விலையை வைக்கிறார் என்றால், ஏல மோசடிகளும் அவரைச் சுற்றியே நடக்கும். விற்பவர் தம் ஆளைக் கூட்டத்தில் நிறுத்தி விலையை ஏற்றச் செய்வது ஒரு வகை. தையல் மெஷின் ஏலத்தில் அப்படி ஓர் ஆள் 8,900 ரூபாய் வரை கேட்டால் தையற்காரர் 9,000 ரூபாய் கட்ட நேரும். இந்திய சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 64-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. விற்பவர் தாமோ தம் ஆள் மூலமோ கேட்கும் உரிமையை முன்கூட்டி அறிவிக்காமல் கேட்டால், வாங்கியவர் அந்த விற்பனையை மோசடியாகக் கருதலாம். விலையை உயர்த்தப் போலிக் கேள்வி கேட்கப்பட்டிருந்தால் விற்பனையை இரத்து செய்யும் விருப்பம் வாங்கியவருக்கு உண்டு. சுத்தியல் விழும்வரை அல்லது வழக்கமான முறையில் ஏலம் முடிந்ததாக அறிவிக்கும்வரை, கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம் என்பதும் இதே பிரிவில் உள்ளது. இந்தக் கடைசி விதி பலருக்குத் தெரிவதில்லை.

எதிர்த் திசை மோசடியில் இரண்டாமவர் வாயடைக்கப்படுகிறார். தையற்காரர் வியாபாரிக்கு 500 ரூபாய் கொடுத்துப் பேசாமல் இருக்கச் சொன்னால் மெஷின் 5,100 ரூபாய்க்கு முடியும். தையற்காரருக்கு 1,000 ரூபாய் மிச்சம், வியாபாரிக்கு 500 ரூபாய் வரவு. விற்பவர் இழந்தது 1,500 ரூபாய். தமிழ்நாட்டில் இது ‘சிண்டிகேட்’ என்றே வழங்குகிறது. சில இடங்களில் கூட்டாளிகள் ஏலம் முடிந்தபின் தமக்குள் இன்னோர் ஏலம் நடத்தி இலாபத்தைப் பங்கிடுவர். பிரிட்டனில் இதற்கெதிராக 1927-இலேயே தனிச் சட்டம் வந்தது. இந்தியாவில் ஏலக் கூட்டுச் சதி போட்டிச் சட்டம், 2002-இன் கீழ் வருகிறது. விற்பவரின் தற்காப்பு, இதற்குக் கீழ் விற்பதில்லை என்று முன்கூட்டியே ஒரு குறைந்தபட்ச விலையை வைப்பது.

அடகு நகை ஏலம்

இந்தச் சதி மிகவும் வலிக்கும் இடம் அடகு நகை ஏலம். அங்கே விற்பவர் கடன் கொடுத்த நிறுவனம், நகை வேறொருவருடையது. கடன், வட்டி, செலவு ஆகியவற்றுக்கு ஈடான தொகை கிடைத்துவிட்டால் நிறுவனத்துக்கு நட்டமில்லை. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாயும் நகைக்காரருக்கு உரியது. ஏலத்தில் போட்டி இருக்க வேண்டும் என்ற அக்கறை, பெரும்பாலும் அந்த ஏலத்துக்கே வராத அவருக்குத்தான்.

இதனாலேயே தங்கம், வெள்ளி ஈட்டுக் கடன் குறித்து ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட விதிகள் ஏலத்தைத் தனியே கவனிக்கின்றன. ஏலத்துக்கு முன் கடன் வாங்கியவருக்கு அறிவிப்பு தர வேண்டும். வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் தேசிய நாளிதழ் ஒன்றிலுமாகக் குறைந்தது இரண்டு விளம்பரங்கள் வர வேண்டும். குறைந்தபட்ச விலை நகையின் நடப்பு மதிப்பில் 90 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இருமுறை ஏலம் போகாவிட்டால் மட்டும் 85 விழுக்காடு வரை இறங்கலாம். ஏலத் தொகை முழுவதும் வந்து சேர்ந்த ஏழு வேலை நாள்களுக்குள் மீதியை நகைக்காரருக்குத் தந்துவிட வேண்டும். ஏலத் தொகை கடனுக்குப் போதாவிட்டால் எஞ்சிய பாக்கி அவர் பெயரிலேயே நிற்கும்.