பரங்கிப்பேட்டை இரும்பு ஆலை

பரங்கிப்பேட்டை இரும்பு ஆலை, காவிரிப் படுகையின் வடக்கு விளிம்பில், இன்றைய கடலூர் மாவட்டத்தின் வெள்ளாற்று முகத்துவாரத்தில் 1830-இல் தொடங்கப்பட்டது. ஐரோப்பிய முறையில் இந்தியாவில் அமைந்த முன்னோடி இரும்பு ஆலைகளுள் இதுவும் ஒன்று. சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் இதனை நிறுவினார்.

இரும்புத் தாது சேலம் பகுதியில் வெட்டப்பட்டது. பரிசல்களில் ஏற்றி, காவிரி, கொள்ளிடம், கான் சாகிப் கால்வாய் வழியாக வெள்ளாற்றுக்குக் கொண்டுவந்தனர். நெல் வயல்களுக்குப் பாய்ந்த அதே ஆறுதான் தாதுவையும் சுமந்தது.

இரும்பின் தரத்தில் குறையில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு எஃகு ஆலைகள் வரை அது சென்றது. சிக்கல் எரிபொருளில்தான். அருகிலுள்ள நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியை அன்று எவரும் அறியவில்லை. ஊதுலைக்கு மரக்கரி மட்டுமே கிடைத்தது. ஒரு டன் இரும்பை உருக்க அதைவிடப் பல மடங்கு எடையுள்ள விறகைக் கரியாக்க வேண்டும். பக்கத்துக் காடுகள் குறையக் குறையக் கரி தொலைவிலிருந்து வந்தது, செலவும் ஏறியது.

எஃகுத் தயாரிப்பில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்ற ஹீத், அதன் பலனை அடையாமல் வழக்குகளிலேயே நொந்து 1851-இல் இறந்தார். 1853-இல் உருவான கிழக்கிந்திய இரும்புக் கம்பெனியாலும் ஆலையை நிமிர்த்த முடியவில்லை. 1860-களில் உலைகள் அணைந்தன.