கப்பல் கணக்கும் லேப்டாப் கணக்கும்

பள்ளிப் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கும்போது, பில் போடுகிற கடைசி நிமிடத்தில் கடைக்காரர் கேட்பார்: "கீழே விழுந்தாலும், தண்ணி கொட்டினாலும் கவர் ஆகிற மாதிரி ஒரு பிளான் இருக்கு. சேர்த்துடலாமா சார்?" நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்குப் பக்கத்தில் மூவாயிரம் ரூபாய் சின்னத் தொகையாகத் தெரியும். அருகில் நிற்கும் பிள்ளையின் துறுதுறுப்பைப் பார்த்தால் பயமும் வரும். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அந்த நிமிடத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேடும் முறையைக் கணித மேதை ஒருவர் 1738-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். அதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக் கணக்கே போதும்.

முதலில், லேப்டாப் எப்படி உடைகிறது என்று பார்ப்போம்.

முக்கால் மீட்டர் உயரம்

படிக்கிற மேசை சுமார் 75 செ.மீ. உயரம் இருக்கும். அங்கிருந்து நழுவும் லேப்டாப் 0.4 வினாடிக்குள் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 14 கி.மீ.; நிதானமாக சைக்கிள் ஓட்டுகிற வேகம்தான். இவ்வளவு சாதாரண வேகம் ஏன் திரையை நொறுக்குகிறது?

அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதே காரணம். டைல்ஸ் தரையில் லேப்டாப்பின் மூலை மோதி, 1 மி.மீ. தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 750 மி.மீ. விழுந்து சேர்த்த ஆற்றல் முழுவதையும் அந்த 1 மி.மீ.க்குள் இழந்தாக வேண்டும். அதனால் அதன்மேல் விழும் சராசரி விசை, அதன் எடையைப் போல் சுமார் 750 மடங்கு. ஒன்றரைக் கிலோ லேப்டாப்பின் ஒரு மூலையில், கண நேரத்துக்கு, ஒரு டன்னுக்கும் மேற்பட்ட பாரம்! அதே லேப்டாப் மெத்தென்ற உறைக்குள் இருந்து, அந்த உறை 1 செ.மீ. அமுங்கிக் கொடுத்தால், விசை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

திரை என்பது இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள். அவற்றுக்கு நடுவே சில மைக்ரோமீட்டர் தடிமனில் திரவப் படிகம் நிரம்பியிருக்கிறது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளி அது. சட்டம் சற்று முறுக்கிக்கொண்டாலே கண்ணாடியில் விரிசல் ஓடும்.

தேநீர் கொட்டினால் நடப்பது வேறு. தூய நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. தேநீரிலும் பழச்சாற்றிலும் கரைந்திருக்கும் உப்புகள் அதைக் கடத்தியாக்குகின்றன. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பலகையில் இந்த ஈரம் பட்டால், ஒரு முனையில் உலோகம் கரைந்து, மறுமுனையில் படிந்து, அங்கிருந்து திரும்ப மரக்கிளை போல வளரத் தொடங்கும். கிளை முதல் முனையைத் தொட்டதும் குறுக்குச் சுற்று. இந்த வளர்ச்சிக்கு மின்னழுத்தம் தேவை. ஆகவே ஈரம் பட்ட உடனே சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை முழுவதுமாக அணைத்துவிட வேண்டும். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகத் திரும்பத் திரும்ப ஆன் செய்வதுதான் பல நேரங்களில் அதற்கு எமனாகிறது.

நம் வீட்டில் விதி, கம்பெனியில் விகிதம்

உங்கள் பிள்ளையின் லேப்டாப் இந்த ஆண்டு உடையுமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 10,000 பிள்ளைகளின் லேப்டாப்புகளில் எத்தனை உடையும் என்று காப்பீட்டுக் கம்பெனியால் வியக்கத்தக்க துல்லியத்தோடு சொல்ல முடியும்.

நூற்றுக்கு ஐந்து உடையும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்தில் 500 உடைய வேண்டும். உண்மையில் எத்தனை உடையும்? நிகழ்தகவுக் கணக்கின்படி, இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் அந்த எண்ணிக்கை 456-க்கும் 544-க்கும் இடையிலேயே இருக்கும். ஒரு லட்சம் லேப்டாப்புகள் என்றால், விகிதத்தின் ஏற்ற இறக்கம் இன்னும் சுருங்கிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் நிச்சயமில்லை. சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே நிச்சயம். இதற்கு முதன்முதலில் கணித நிரூபணம் தந்தவர் சுவிட்சர்லாந்தின் யாக்கோப் பெர்னூலி. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1713-இல் அது நூலாக வெளிவந்தது. இன்றைய காப்பீட்டுத் தொழில் முழுவதும் நிற்பது இந்தப் பெரும் எண்களின் விதி மீதுதான்.

இந்த விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒரு விபத்து இன்னொன்றோடு தொடர்பில்லாமல் நடக்க வேண்டும். 2015 சென்னை வெள்ளம் போல ஒன்று வந்தால் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நாளில் நனைகின்றன, கம்பெனியும் திணறும். மதுரையில் ஒரு சிறுமி தேநீர் கொட்டுவதற்கும் கோவையில் ஒரு சிறுவன் பையைத் தவறவிடுவதற்கும் தொடர்பே இல்லை. கம்பெனியின் பார்வையில் இதைவிடப் பாதுகாப்பான வியாபாரம் குறைவு.

பீட்டர்ஸ்பர்க் வணிகர்

கம்பெனிக்கு லாபம் என்றால் நமக்கு நட்டமா? இங்கேதான் யாக்கோபின் தம்பி மகன் டேனியல் பெர்னூலி வருகிறார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் 1738-இல் வெளியிட்ட அவருடைய கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது.

பீட்டர்ஸ்பர்க் வணிகர் ஒருவர் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்குகிறார். ஊர் வந்து சேர்ந்தால் அதன் மதிப்பு 10,000 ரூபிள். அந்தப் பருவத்தில் அந்த வழியில் வரும் நூறு கப்பல்களில் ஐந்து மூழ்கிவிடும். ஆக, சராசரி இழப்பு 500 ரூபிள். ஆனால் காப்பீட்டுக்கு 800 ரூபிளுக்குக் குறைந்து யாரும் வர மறுக்கிறார்கள். வணிகர் காப்பீடு எடுக்கலாமா?

சராசரியை மட்டும் பார்த்தால் கூடாது. 300 ரூபிள் கூடுதல். ஆனால் பெர்னூலி வேறொன்றைக் கேட்டார்: சரக்கு போக, வணிகரின் கையில் எவ்வளவு இருக்கிறது? ஆயிரம் ரூபாய் உள்ளவருக்கு நூறு ரூபாய் இழப்பும், லட்சம் உள்ளவருக்கு அதே நூறு ரூபாய் இழப்பும் ஒன்றல்ல. ஒவ்வொரு கூடுதல் ரூபாயின் பயனும் ஏற்கெனவே கையில் உள்ள செல்வத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். அப்படிக் கணக்கிட்டால் விடை வந்துவிடுகிறது: வணிகரிடம் வேறு சொத்தாக 5,043 ரூபிளுக்குக் குறைவாக இருந்தால், அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்தாவது காப்பீடு எடுப்பதே அறிவு. அதற்கு மேல் இருந்தால் எடுக்காமலிருப்பதே அறிவு. காப்பீடு கொடுப்பவரிடமோ குறைந்தது 14,243 ரூபிள் இருக்க வேண்டும். இருந்தால் அவருக்கும் இது நல்ல வியாபாரம்.

இந்த விடையின் அழகே இதுதான்: ஒரே பாலிசி, ஒரே விலை, ஒரே ஆபத்து, ஒரு வீட்டுக்கு அது சரி, அடுத்த வீட்டுக்குத் தவறு. வாங்குபவர், விற்பவர் இருவருமே ஒரே நேரத்தில் பயனடையவும் முடியும்.

இந்தக் கணக்கில் விகிதங்கள் மட்டுமே முக்கியம். எனவே அப்படியே நான்கால் பெருக்கிக்கொள்ளலாம். லேப்டாப் 40,000 ரூபாய், பிரீமியம் 3,200 ரூபாய், ஓராண்டில் அது முற்றாக உடையும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. எல்லைக்கோடு சுமார் 20,000 ரூபாய். பெர்னூலி செல்வம் என்று சொன்னதில் சம்பாதிக்கும் திறனும் அடங்கும். ஆகவே வங்கி இருப்பை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். அவர் கேள்வியை இப்படிக் கேட்டுக்கொள்ளலாம்: லேப்டாப் நாளைக்கே உடைந்தால், கடன் வாங்காமல், பிள்ளையின் படிப்பும் தடைப்படாமல், இன்னொன்று வாங்க முடியுமா?

பயத்தின் விலை

பலரும் இப்படிக் கேட்பதில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் ஜஸ்டின் சிட்னர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு வீட்டுக் காப்பீடு எடுத்தவர்களைப் பற்றியது. விபத்து நேர்ந்தால் தாங்கள் ஏற்க வேண்டிய பங்கை 1,000 டாலரிலிருந்து 500 டாலராகக் குறைத்துக்கொள்ள, அவர்கள் ஆண்டுக்குச் சுமார் 100 டாலர் கூடுதலாகக் கட்டினார்கள். இழப்பீடு கேட்கும் நிலை வந்ததோ நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. அதாவது 25 டாலர்கூடப் பெறாத பாதுகாப்புக்கு 100 டாலர். சிறிய வாய்ப்புகளை மனித மனம் பெரிதாக்கிப் பார்க்கிறது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வர்ஸ்கியும் 1979-இலேயே விளக்கியிருந்தார்கள்.

பயத்தைக் கணக்காக மாற்ற எளிய வழி உண்டு. சர்வீஸ் சென்டரில் அந்த மாடலுக்குத் திரை மாற்ற என்ன ஆகும் என்று கேளுங்கள். 12,000 ரூபாய் என்கிறார்கள், அதில் 2,000 ரூபாய் உங்கள் பங்கு என்று பாலிசி சொல்கிறது என்றால், கம்பெனி தருவது 10,000 ரூபாய். பிரீமியம் 3,200 ரூபாயை அதனால் வகுத்தால் 32 சதவீதம். கட்டிய பணம் சராசரியாகத் திரும்பி வர, ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரை உடைய வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி உடையுமா? உங்கள் பிள்ளையை உங்களுக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரிந்தது சராசரிப் பிள்ளையை மட்டுமே. இந்த ஓர் இடத்தில் நீங்கள் அவர்களைவிட அறிந்தவர்.

கையெழுத்திடும் முன் சிலவற்றைப் பாருங்கள். வாரண்டி என்பது பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்குத்தான். அதை நீட்டிப்பதால் விழுந்த லேப்டாப்புக்கு ஈடு கிடைத்துவிடாது. விபத்துச் சேதம் என்று எழுத்தில் இருக்கிறதா? திரவச் சேதம் சேர்ந்ததா? ஆண்டுக்கு எத்தனை முறை கேட்கலாம்? தேய்மானம் எவ்வளவு கழிப்பார்கள்? லேப்டாப்பின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்கும்போது பிரீமியம் இறங்காவிட்டால், மூன்றாம் ஆண்டின் காப்பீடு முதலாம் ஆண்டைவிட மோசமான பேரம். வீட்டுக்கு ஏற்கெனவே எடுத்திருக்கும் காப்பீட்டில் மின்னணுச் சாதனங்கள் அடங்குமா என்றும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

என் தீர்ப்பு இது. இன்னொரு லேப்டாப் வாங்குவது குடும்பத்தை உலுக்கும் என்றால், கடன் வாங்கித்தான் இதையே வாங்கினீர்கள் என்றால், தயங்காமல் காப்பீடு எடுங்கள்; கூடுதல் விலை கொடுப்பதில் ஏமாற்றம் ஒன்றுமில்லை. இழப்பு வருத்தம் மட்டும்தான் தரும் என்றால், அந்தப் பிரீமியத்தை ஆண்டுதோறும் தனியே போட்டு வையுங்கள். உடையாத ஆண்டில் அந்தப் பணம் உங்களுடையது. இரண்டில் எதைச் செய்தாலும் நல்ல உறை ஒன்று வாங்குங்கள். காப்பீடு இழப்பை ஈடுகட்டும், உடைவதைத் தடுக்காது, உறை தடுக்கும். பிள்ளை எழுதியதும் வரைந்ததும் வேறோர் இடத்திலும் நகலாக இருக்கட்டும். அவற்றைத் திருப்பித் தரும் பாலிசி எந்தக் கம்பெனியிடமும் இல்லை.