பழைய பயாஸும் பெரிய ஹார்ட் டிஸ்க்கும்

தொண்டூர், செஞ்சிப் பக்கம் பழைய டெஸ்க்டாப்பில் டிஸ்க் போய்விட்டால், சென்னை ரிச்சி தெருவில் தேடி ஒன்றை வாங்கி வந்து மாட்டுவார்கள். வாங்கியது 250 ஜிபி. சிஸ்டமோ 137-க்கு மேல் காட்டாது. சிலது டிஸ்க்கைத் தேடும் வரியிலேயே உறைந்து நிற்கும். சந்தேகம் டிஸ்க் மேல் விழும். ஆனால் கோளாறு மதர்போர்டில் குடியிருக்கும் பயாஸில்.

டிஸ்க்கின் ஒவ்வொரு 512 பைட் துண்டுக்கும் ஒரு முகவரி உண்டு. வீட்டு எண்ணுக்கு மூன்றே கட்டம் விட்ட படிவத்தில் ஆயிரமாவது வீட்டை எழுத முடியாதல்லவா? அதே சிக்கல்தான் இங்கும். தொடக்கத்தில் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் என்று எண்ணியதால் 528 எம்பியில் முட்டியது. பிறகு 8.4 ஜிபி, 33.8 ஜிபி என்று அடுத்தடுத்த சுவர்கள். 28 பிட் முகவரியில் 26,84,35,456 துண்டுகளைத்தான் சுட்ட முடியும். அதுதான் 137 ஜிபி. 2002-ல் வந்த ஏடிஏ-6 தரம் முகவரியை 48 பிட்டாக நீட்டிய பிறகே இந்தச் சுவர் உடைந்தது.

டிஸ்க் தெரியாமல் போவதைவிட, பாதி புரிந்துகொண்டு எழுதுவதுதான் ஆபத்து. வேறு கணினியில் ஃபார்மேட் செய்த 250 ஜிபி டிஸ்க்கை, முதல் சர்வீஸ் பேக் போடாத விண்டோஸ் எக்ஸ்பியில் மாட்டினால் 137 ஜிபி வரை ஒழுங்காகவே ஓடும். அதைத் தாண்டி எழுதும்போது முகவரியின் மேல் இலக்கம் உதிர்ந்து, தகவல் டிஸ்க்கின் தலைப்பகுதியில் போய் விழும். பார்ட்டிஷன் அட்டவணை இருப்பது அங்கேதான். கல்யாணப் போட்டோ, பட்டா ஸ்கேன் எல்லாம் டிஸ்க்கில் இருந்தும் வழி தொலைந்துபோகும்.

இதற்குத் தீர்வாக முதலில் பார்க்க வேண்டியது மதர்போர்டு நிறுவனம் தந்த புதிய பயாஸ். அதை ஏற்றும்போது நடுவில் கரண்ட் போனால் போர்டே உயிர்விடலாம். தமிழ்நாட்டின் 2012 மின்வெட்டைப் பார்த்தவர்கள் யூபிஎஸ் இல்லாமல் இதில் கைவைக்க மாட்டார்கள். புதிய பயாஸ் கிடைக்காவிட்டால், சொந்த பயாஸ் உள்ள பிசிஐ கன்ட்ரோலர் கார்டு நல்ல வழி. சில டிஸ்க்குகளின் பின்புற ஜம்பரை மாற்றினால் அளவு 32 ஜிபியாகச் சுருங்கும். சிஸ்டம் எழுந்துவிடும், மிச்ச இடம் வீண்.

என் தேர்வு லினக்ஸ். பூட் ஆனதும் அது பயாஸ் சொல்வதை நம்பாமல் டிஸ்க்கிடமே அளவைக் கேட்டுக்கொள்ளும். பூட் பார்ட்டிஷன் மட்டும் பயாஸின் கைக்கு எட்டும் முன்பகுதியில் இருந்தால் போதும்.

2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பழைய பார்ட்டிஷன் முறைக்கே 2.2 டிபி வரை எட்டும். 1 டிபி சாட்டா எஸ்எஸ்டியைத் தயங்காமல் மாட்டலாம்.