லேபிளைப் படிச்சுட்டு விளக்கை மாட்டுங்க: வெடிப்பு அபாய இடங்களுக்கு எல்இடி வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

காஞ்சிபுரம் பக்கம் ஒரு எரிவாயு சிலிண்டர் கிடங்கை நினைச்சுப் பாருங்க. சுவரில் இருந்த பழைய விளக்கு அணைந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்க ஆள் கடைக்குப் போகிறார். "இதை எடுத்துக்கோங்க அண்ணே. எல்இடி, வாட்டர்ப்ரூஃப், ரெண்டு வருஷ வாரண்டி. எங்கே வேணும்னாலும் மாட்டலாம்" என்கிறார் கடைக்காரர். விலையும் குறைவு. சாயங்காலத்துக்குள் விளக்கு எரிகிறது. எல்லோருக்கும் திருப்தி.

இதில் தப்பு ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. 'எங்கே வேணும்னாலும்' என்று சொன்னாரே, அங்கே!

2022 செப்டம்பரில் நம்ம மாவட்டத்தின் தேவரியம்பாக்கத்தில் சிலிண்டர் கிடங்கு தீப்பிடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 மார்ச் 22 அன்று காஞ்சிபுரத்தை ஒட்டிய குருவிமலையில் பட்டாசு ஆலை வெடித்ததில் குறைந்தது 9 பேர் உயிரிழந்தார்கள். இந்த விபத்துகளுக்கு விளக்குதான் காரணம் என்று இங்கே சொல்ல வரவில்லை. இரண்டும் ஞாபகப்படுத்துவது வேறு ஒன்றை. எரியும் பொருள், காற்று, பொறி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் போதும். வாயுவையும் வெடிமருந்தையும் கையாளும் இடத்தில் முதல் இரண்டும் ஏற்கனவே இருக்கு. மூன்றாவதை உள்ளே விடாமல் பார்ப்பதுதான் நம்ம வேலை. விளக்கு, சுவிட்ச், வயர் எல்லாம் அந்த மூன்றாவதில் சேரும்.

இது எனக்கு எதுக்கு?

வீட்டில் தறி போட்டுப் பட்டு நெய்கிறவருக்குச் சாதாரண எல்இடி போதும். ஆனால் உங்கள் பிள்ளை ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ பெயின்ட் அடிக்கும் பிரிவில் வேலை பார்க்கலாம். அங்கே தின்னர் ஆவி இருக்கும். ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி சார்ஜ் ஆகும் அறையில் ஹைட்ரஜன் வெளிவரும். பெட்ரோல் பங்கில் நிலத்தடித் தொட்டி இருக்கும். மாவு, சர்க்கரை போன்றவற்றின் தூசுகூட காற்றில் அடர்த்தியாகக் கலந்தால் வெடிக்கும்.

கல்யாண மண்டபச் சமையல்கூடத்தையும் விட்டுவிட வேண்டாம். சமையல் எரிவாயுவை ஒரே நேரத்தில் 100 கிலோவுக்கு மேல் வைத்திருந்தால் உரிமம் வேணும் என்கிறது எரிவாயு உருளை விதிகள், 2016. 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. ஆறாவதை இறக்கினால் கணக்கு 114 கிலோ ஆகிவிடும். முகூர்த்த நாளில் இந்த எல்லையைத் தாண்டுவது ரொம்ப சுலபம்.

"எல்இடிதான் சூடே ஆகாதே?"

அடிக்கடி கேட்கிற கேள்வி இது. எல்இடி, குண்டு பல்பு அளவுக்குச் சூடாகாது என்பது சரிதான். ஆனால் உள்ளே 'டிரைவர்' என்று ஒரு மின்சுற்று இருக்கு. அது சூடாகும், பழுதானால் பொறியும் கிளப்பும். வயரை முடுக்கிய இடம் தளர்ந்தாலும் பொறி வரும்.

சமையல் எரிவாயு காற்றில் கிட்டத்தட்ட 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் நிலை வந்துவிடும். அது காற்றைவிடக் கனமானது. அதனால் தரையோடு தேங்கி நிற்கும், பள்ளத்தில் இறங்கும். ஹைட்ரஜன் அதற்கு நேர்மாறு, கூரைக்கு ஏறிவிடும். பேட்டரி அறையில் விளக்கும் கூரையில்தானே இருக்கு? யோசிச்சுப் பாருங்க.

'ஃப்ளேம்ப்ரூஃப்' விளக்கு வேலை செய்யும் விதம் சுவாரஸ்யமானது. வாயு உள்ளே போகாமல் அது தடுப்பதில்லை. உள்ளே போன வாயு வெடித்தாலும் அந்தக் கனத்த உலோகப் பெட்டி உடையாமல் தாங்கும். வெளியேறும் சூடான வாயு, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே துல்லியமாகக் கடைந்த ஒரு மெல்லிய இடைவெளி வழியாகத்தான் போக முடியும். அதற்குள் அது குளிர்ந்துவிடும். அதனால் வெளியே இருக்கும் வாயு பற்றாது. அந்த இடைவெளியும் போல்ட்டுகளும்தான் இந்த விளக்கின் உயிர்.

முதலில் இடம், அப்புறம் விளக்கு

எந்த விளக்கு என்று கேட்கும் முன்னால், எந்த இடம் என்று கேளுங்க. வாயு, ஆவி இருக்கும் இடங்களை மூன்று மண்டலமாகப் பிரிப்பார்கள்.

மண்டலம் 0: வெடிக்கும் கலவை எப்போதும் அல்லது நீண்ட நேரம் இருக்கும் இடம். உதாரணம், பெட்ரோல் தொட்டியின் உட்புறம்.

மண்டலம் 1: வழக்கமான வேலையின்போதே அவ்வப்போது அது வர வாய்ப்புள்ள இடம்.

மண்டலம் 2: வழக்கமாக வராது. கசிவு மாதிரி ஏதாவது நடந்தால் மட்டும், கொஞ்ச நேரம் இருக்கும் இடம்.

இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. தகுதியுள்ள பொறியாளர் கணக்கிட்டு வரைபடம் போட்டுத் தரணும். அந்த வரைபடம் இல்லாமல் விளக்குக்கு ஆர்டர் கொடுக்காதீங்க. அதைப் பார்த்தாலே சில நேரம் செலவு மிச்சமாகும். அபாய எல்லைக்கு வெளியே விளக்கை வைத்து, முழுதாக மூடிய கண்ணாடி வழியே வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்க.

லேபிளில் பார்க்க வேண்டிய ஐந்து

லேபிள் ஆங்கிலத்தில் இருக்கும். எப்படி வாசிப்போமோ அப்படியே இங்கே தந்திருக்கிறோம்.

1. 'எக்ஸ்' குறி. ஈ, எக்ஸ் என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து வரும். வெடிப்பு அபாய இடத்துக்கென்றே செய்த கருவி என்பதற்கான அடையாளம் இது. இது இல்லை என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

2. பாதுகாப்பு முறை. 'டி' அல்லது 'டிபி' என்றால் ஃப்ளேம்ப்ரூஃப். 'இ' என்றால் பொறியோ அதிக சூடோ வராதபடி கூடுதல் கவனத்தோடு செய்தது. 'டிபி'யில் வருவது ஆங்கில நாலாவது எழுத்து. தூசுக்கான முறையைக் குறிக்கும் எழுத்து நம்ம காதுக்கு அதே மாதிரி கேட்டாலும், அது டீ குடிக்கிற 'டீ'யின் முதல் எழுத்து. இரண்டையும் குழப்பிக்காதீங்க.

3. வாயுப் பிரிவு. சமையல் எரிவாயு, பெட்ரோல் ஆவி ஆகியவை 'டூ-ஏ'. எத்திலீன் 'டூ-பி'. ஹைட்ரஜன், அசிட்டிலீன் 'டூ-சி'. இருப்பதிலேயே கடுமையானது 'டூ-சி'. அதற்கான விளக்கை மற்ற இரண்டு பிரிவு வாயுக்களுக்கும் பயன்படுத்தலாம். 'டூ-ஏ' விளக்கை பேட்டரி அறையில் மாட்டக் கூடாது. 'த்ரீ' என்று இருந்தால் அது தூசுக்கு.

4. வெப்ப வகுப்பு. விளக்கின் மேற்பரப்பு அதிகபட்சம் எவ்வளவு சூடாகலாம் என்பதை இது சொல்லும். டி1 என்றால் 450 டிகிரி செல்சியஸ், டி2 300, டி3 200, டி4 135, டி5 100, டி6 85. எண் கூடக் கூட சூடு குறையும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்துக்கு டி3 அல்லது அதற்கு மேல் எண்ணுள்ளது வேணும்.

5. சுற்றுப்புற வெப்பநிலை. நம்ம ஊர்க்காரங்க கட்டாயம் பார்க்க வேண்டியது இது. லேபிளில் தனியாக எதுவும் போடவில்லை என்றால், மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரைதான் அந்தச் சான்று செல்லும். அக்னி நட்சத்திரத்தில் காஞ்சிபுரம் வெயில் 40-ஐத் தாண்டுவது புதுசா? தகரக் கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம். 50 அல்லது 55 டிகிரி என்று குறித்திருக்கும் விளக்கையே கேட்டு வாங்குங்க.

கடைசியாக 'ஜிஏ', 'ஜிபி', 'ஜிசி' என்று ஒன்று இருக்கும். 'ஜிஏ' மண்டலம் 0-க்கு, 'ஜிபி' மண்டலம் 1-க்கு, 'ஜிசி' மண்டலம் 2-க்கு. வரைபடத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

நம்மை ஏமாற்றும் அடையாளங்கள்

ஐபி 65, ஐபி 66: தூசும் தண்ணீரும் உள்ளே போகாது என்று மட்டும்தான் இதற்கு அர்த்தம். வெடிப்பைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது. வாட்டர்ப்ரூஃப் வேறு, ஃப்ளேம்ப்ரூஃப் வேறு.

'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்: சாதாரண எல்இடி விளக்குகளுக்கு பிஐஎஸ் தரும் பதிவு இது. வீட்டுக்கும் கடைக்கும் நல்லது. வெடிப்பு அபாய இடத்துக்கான சான்று அல்ல.

ஏடெக்ஸ், ஐஇசிஇஎக்ஸ்: உண்மையான சான்றுகள்தான். ஆனால் பெட்ரோலியம் விதிகள் பொருந்தும் இடத்தில் இவை மட்டும் போதாது. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, சுருக்கமாக பெசோ, தரும் ஒப்புதலும் வேணும். இது மத்திய அரசின் அமைப்பு, தலைமையகம் நாக்பூர், சென்னையிலும் அலுவலகம் இருக்கு.

போனிலேயே சரிபார்க்க

விற்பவரிடம் இரண்டு காகிதம் கேளுங்க: சோதனைக்கூடச் சான்று, பெசோ ஒப்புதல் கடிதம். தன்பாத்தில் உள்ள சிஎஸ்ஐஆர்-சிம்ஃபர் இந்தச் சோதனைகளைச் செய்யும் அரசு ஆய்வகம். கடிதத்தில் இருக்கும் மாடல் எண்ணும் லேபிளில் இருக்கும் மாடல் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கணும். "அதே கம்பெனிதான், மாடல் மட்டும் வேற" என்றால் ஏற்காதீங்க. கடிதம் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்க.

ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் பக்கத்திலேயே உரிம எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' செயலியைத் திறந்து அந்த எண்ணைப் போட்டால், உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு, இன்னும் நடப்பில் இருக்கா என்று வந்துவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. லேபிளை போட்டோ எடுக்க போனைக் கிடங்குக்குள் கொண்டுபோகாதீங்க! நம்ம கையில் இருக்கும் சாதாரண போனும் சான்று பெறாத மின்கருவிதான். விளக்கை மாட்டும் முன்பே, வெளியே வைத்துப் படம் எடுத்துச் சேமித்துக்கொள்ளுங்க.

நல்ல விளக்கையும் கெடுக்கும் பழக்கங்கள்

பழைய ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டிக்குள் சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பைப் போடுவது பல இடங்களில் நடக்குது. எந்த விளக்கோடு சோதித்தார்களோ அந்த விளக்குக்குத்தான் சான்று. மாற்றிப் போட்டால் அது செல்லாது.

வயர் நுழையும் இடத்தில் சான்று பெற்ற கிளாண்டு இருக்கணும். பயன்படுத்தாத துளையை சான்று பெற்ற அடைப்பானால் மூடணும். துணியும் எம்-சீலும் அடைப்பான் ஆகாது. எட்டு போல்ட்டில் ஒன்று குறைந்தாலும் அது ஃப்ளேம்ப்ரூஃப் இல்லை. மூடி சேரும் பரப்பில் பெயின்ட் அடிக்காதீங்க, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. மெயினை நிறுத்தாமல் மூடியைத் திறக்கவே கூடாது. தகுதியுள்ளவரை வைத்துக் குறித்த காலத்தில் பரிசோதனை செய்யுங்க. நிபுணர் ஆலோசனை இல்லாமல் அந்த இடைவெளி மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது என்கிறது இதற்கான தர நிர்ணயம்.

தீபாவளிக்குத் தற்காலிகப் பட்டாசுக் கடை போடுபவர்களுக்கு வெடிபொருள் விதிகள், 2008 தெளிவாகவே சொல்கிறது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு, திறந்த சுடர் கூடாது. மின்விளக்கு என்றால் சுவரிலோ கூரையிலோ பொருத்தியிருக்கணும், வயரில் தொங்கக் கூடாது. கடைகளுக்கு நடுவே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேணும்.

யாரிடம் சொல்வது?

நீங்கள் தொழிலாளியாக இருந்தால், உடைந்த கண்ணாடி, கழன்ற போல்ட், தொங்கும் வயர் எதைப் பார்த்தாலும் முதலில் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்க. சரிசெய்யவில்லை என்றால் தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் புகார் தரலாம். முதலமைச்சரின் உதவி மையம் 1100-க்குப் போன் செய்தும் பதிவு செய்யலாம். போலிச் சான்று காட்டி விற்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சமையல் எரிவாயு கசிந்தால் 1906. தீ என்றால் 101 அல்லது 112. கசிவு வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடாதீங்க, அணைக்கவும் செய்யாதீங்க. வெளியே வந்து, தள்ளி நின்று போன் பண்ணுங்க.

சான்று பெற்ற விளக்கின் விலை சாதாரண விளக்கைவிடப் பல மடங்கு இருக்கும், உண்மைதான். பட்டுப்புடவை எடுக்கப் போனால் ஜரிகை அசலா என்று உரசிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? உயிர் சம்பந்தப்பட்ட விளக்குக்கு அதில் பாதிப் பொறுமையாவது காட்டலாமே. அடுத்த முறை "எங்கே வேணும்னாலும் மாட்டலாம்" என்று யாராவது சொன்னால், "லேபிளைக் காட்டுங்க" என்று கேளுங்க.