மலை தலையாட்டினால்தான் கடலில் கால் வைக்கலாம்!

கேப் டவுனில் அலைச்சறுக்குக்குப் போகிறவருக்கு மலையிலிருந்து அனுமதி வர வேண்டும். மலைக்குப் போகிறவருக்கோ கடல்காற்று அனுமதி தர வேண்டும். தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையில் அப்படியொரு வேடிக்கையான ஊர்! நடுவில் தட்டை உச்சியோடு டேபிள் மவுன்டன். இறங்கினால் பல பக்கமும் கடல். சுற்றுலா விளம்பரப் படங்களை ஆயிரம் தடவை பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்களுக்குப் பின்னால் நடக்கிற கூத்தைப் பார்க்கலாம், வாங்க.

முதலில் மியூசன்பர்க். ஃபால்ஸ் பே வளைகுடாவின் ஓரம், மலையடிவாரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடம். அலை நிதானமாக, நீளமாக உருண்டு வரும் என்பதால் பலகைமேல் முதல்முறை ஏறுகிறவர்களுக்குச் சொர்க்கம். 1922-லேயே இங்கே பலகையோடு கடலில் இறங்கியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அகதா கிறிஸ்டி! துப்பறியும் கதைகளின் மகாராணியேதான். கரையோரம் வண்ணம் பூசிய மரக்குடில்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு முன்னால் ஆளுக்கு நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு கூட்டம் கிளம்பிவிடுகிறது. அவசரப்படாதீர்கள். அப்படியே திரும்பி மலையைப் பாருங்கள். பாய்ஸ் டிரைவ் சாலையை ஒட்டிய சரிவில் ஒருவர் உட்கார்ந்து கடலையே வெறித்துக்கொண்டிருக்கிறார். அதுதான் அவர் வேலை. அதற்குத்தான் சம்பளம்!

சுறா பார்க்கும் காவலர் அவர். 2004-ல் தொடங்கிய ஏற்பாடு இது. தண்ணீரின் பளபளப்பு கண்ணைக் கூசவைக்காமலிருக்க போலரைஸ்டு கூலிங் கிளாஸ், கையில் பைனாகுலர், கீழே கரையில் நிற்கும் கூட்டாளியோடு பேச ரேடியோ. சாமான் அவ்வளவுதான், மீதியெல்லாம் கண். கருப்பாக ஏதோ தெரிகிறதா? மேகத்தின் நிழல் என்றால் காற்றோடு போய்விடும். கடற்பாசி இருந்த இடத்திலேயே ஆடும். சுறா மட்டும்தான் தன் இஷ்டத்துக்குத் திரும்பும்!

சேதி கீழே கொடியாக ஏறும். பச்சை என்றால் கடல் தெளிவு, சுறா தென்படவில்லை. கறுப்பு என்றால் சுறா தென்படவில்லை, ஆனால் தண்ணீரும் சரியாகத் தெரியவில்லை. (எனக்குப் பிடித்தது இந்தக் கறுப்புதான். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று கொடியேற்றிச் சொல்லும் நேர்மை நம்மில் எத்தனை பேருக்கு வரும்!) சிவப்பு என்றால் உஷார். கறுப்புச் சுறா படம் போட்ட வெள்ளைக் கொடி ஏறி, சைரனும் அலறினால் கௌரவம் பார்க்காமல் கரையேறிவிட வேண்டியதுதான்.

மலையில் ஆள் வைத்துக் கடலைப் பார்க்கும் வித்தை இங்கே புதிதல்ல. கரைவலை இழுக்கிறவர்கள் மேலே ஒருவரை நிறுத்தி, மீன்கூட்டம் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டுக்கொள்வது பழைய வழக்கம். பக்கத்தில் ஃபிஷ் ஹோக்கில் இன்னொரு கூத்து: நீச்சல் சீசனில் சுறாத் தடுப்பு வலையைக் காலையில் கடலில் கட்டி, சாயங்காலம் சுருட்டி எடுத்துவிடுகிறார்கள். ராத்திரியில் திமிங்கிலம் ஏதாவது வந்து மாட்டிக்கொள்ளக் கூடாதே!

இன்னொரு விஷயம், காதைக் கொடுங்கள். பெரிய வெள்ளைச் சுறாக்கள் சில ஆண்டுகளாக இந்த வளைகுடாவில் அபூர்வமாகிவிட்டன. பலருடைய சந்தேகமும் ‘போர்ட்’, ‘ஸ்டார்போர்ட்’ என்ற இரண்டு ஓர்க்கா திமிங்கிலங்கள்மீது. ஒன்றுக்கு முதுகுத் துடுப்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கும், மற்றதற்கு வலப்பக்கம். சுறாவை அடித்தால் பெரும்பாலும் ஈரலை மட்டும் ருசித்துவிட்டுப் போய்விடும். அகதா அம்மையாருக்குக் கிடைக்காமல் போன கேஸ்! வேறு ஜாதிச் சுறாக்கள் இன்னும் எட்டிப்பார்ப்பதால் மலைக்காவலருக்கு வேலை தொடர்கிறது.

சரி, டேபிள் மவுன்டனுக்குப் போவோம். இங்கே ரோப் கார் 1929-லிருந்து ஓடுகிறது. 1997-ல் வந்த பெட்டிகளில் ஒரு தடவைக்கு 65 பேர். ஜன்னல் சீட்டுக்குச் சண்டையே இல்லை, ஏனென்றால் ஏற ஏறப் பெட்டியின் தரையே வட்டமாகச் சுற்றுகிறது! எல்லோருக்கும் எல்லாப் பக்கத் தரிசனம். காலுக்கடியில் ஒளிந்திருப்பது தண்ணீர்த் தொட்டி. காற்றில் பெட்டி ஆடாமல் பாரமாக இருக்கும்; உச்சிக்குத் தண்ணீர் சப்ளையும் ஆயிற்று.

ஆனால் கோடையில் தென்கிழக்குக் காற்று கிளம்பிவிட்டால் அது வைத்ததுதான் சட்டம். கடலின் ஈரக்காற்று மலையேறிக் குளிர்ந்து மேகமாகி, உச்சியில் பரவி, விளிம்பில் வழிந்து, கொஞ்சம் இறங்கியதும் சூடாகி மாயமாகிவிடும். ஊர்க்காரர்கள் இதை ‘மேசைவிரிப்பு’ என்கிறார்கள். வான் ஹன்க்ஸ் என்ற கிழவனும் சாத்தானும் போட்டி போட்டுப் புகை பிடிப்பதால் வந்த மேகம் என்றும் கதை உண்டு. ரோப் கார்க்காரர்களுக்குக் கதை பேச நேரமில்லை. காற்று வலுத்தால் உச்சியில் சைரன் ஊதிவிடுவார்கள். கிளம்பாமல் படமெடுத்துக்கொண்டிருந்தவர்கள் பிளாட்டெக்லிப் இடுக்கு வழியாகக் கல்படிகளில் இறங்கவேண்டி வரலாம். இரண்டு நாளைக்கு முழங்கால் சாபம் விடும்.

அதே காற்று மலையின் மறுபுறம் செய்யும் குறும்பைக் கேளுங்கள். கேம்ப்ஸ் பே பக்கம் கடலின் மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்விடுவதால், அடியிலிருந்து ஜில்லிட்ட தண்ணீர் மேலே வருகிறது. கொளுத்தும் வெயிலில் ஆசை ஆசையாய் ஓடிப்போய்க் கால் வைத்தவர்கள் அலறுவது தெரு முனைவரை கேட்கும்! விவரமானவர்கள் ஃபால்ஸ் பே பக்கம் போய், செயின்ட் ஜேம்ஸில் கடல்நீரைத் தேக்கிய குளத்தில் ஊறிக்கொண்டிருப்பார்கள்.

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் சைமன்ஸ் டவுன். 1980-களின் தொடக்கத்தில் இரண்டே ஜோடிப் பென்குயின்கள் வந்து குடியேறிய போல்டர்ஸ் கடற்கரை இப்போது அவற்றின் பெரிய காலனி. கழுதை கத்துவதுபோலக் கத்திக்கொண்டு பாறைகளுக்கு நடுவே தத்தித்தத்தி நடக்கும்; தண்ணீரில் இறங்கினால் நமக்குப் பக்கத்திலேயே சர்ரென்று போகும். பார்க்கிங்கில் ஒரு பலகை: வண்டியை எடுக்குமுன் அடியில் பென்குயின் இருக்கிறதா என்று பார்க்கவும். சிரித்துவிட்டு சாவியைப் போட்டுவிடாதீர்கள், குனிந்து பாருங்கள். நிழலுக்கு ஒதுங்கிய ஆசாமி உள்ளே நின்று முறைத்துக்கொண்டிருந்தால், அவராகக் கிளம்பும்வரை உங்கள் பயணம் தள்ளிவைப்பு!