குந்தநந்தினி: பேசாதிருந்தவளின் முடிவு

வங்க நாவலின் தந்தை எனப் போற்றப்படும் பங்கிம் சந்திர சட்டர்ஜி, 1872 இல் தாம் தொடங்கிய 'வங்கதரிசனம்' என்னும் இதழில் தொடராக எழுதி, 1873 இல் நூலாக வெளியிட்ட நாவல் 'விஷவிருட்சம்' ஆகும். குடும்பக் கதையாகத் தோன்றும் இந்நாவல், தன் காலத்தின் பெரும் விவாதமொன்றைத் தன்னுள் அடக்கியுள்ளது. அதுவே கைம்பெண்களின் மறுமணம் பற்றிய விவாதம்.

ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் இடையறா முயற்சியினால், 1856 ஆம் ஆண்டில் இந்துக் கைம்பெண்களின் மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் மனங்கள் மாறவில்லை. மறுமணம் செய்யும் பெண், இறந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழக்க வேண்டும் என்றும் அச்சட்டமே கூறிற்று. இச்சூழலில் பிறந்த பாத்திரமே குந்தநந்தினி.

செல்வந்தரான நகேந்திரநாத் படகில் பயணம் செய்கையில் புயலில் சிக்கி, ஒரு கிராமத்தில் ஒதுங்குகிறார். அங்கே பாழடைந்த வீடொன்றில், உயிர் பிரியும் தந்தையின் அருகே தனித்திருக்கும் சிறுமியைக் காண்கிறார். அவளே குந்தா. அவளைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்று தம் தங்கை கமலமணியிடம் ஒப்படைக்கிறார். பின்னர் நகேந்திரரின் மனைவி சூரியமுகி, தன்னோடு உடன்பிறந்தவன்போல் வளர்ந்த தாராசரணுக்கு அவளை மணமுடித்து வைக்கிறாள். சில ஆண்டுகளில் அவன் இறந்துவிட, இளம் விதவையாக அதே வீட்டில் அடைக்கலம் புகுகிறாள் குந்தா.

அங்கே நகேந்திரரின் மனம் அவள்பால் சாய்கிறது. அவளும் அவரை உள்ளூர நேசிக்கிறாள். எனினும் அவர் மணக்கக் கேட்டபோது முதலில் மறுக்கிறாள். ஏன் மறுக்கிறாள் என்பதை விளக்கிச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. கடைசியில், கணவனின் துயரம் பொறாத சூரியமுகியே முன்னின்று அத்திருமணத்தை நடத்திவிட்டு, வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். அந்நாளிலிருந்து நகேந்திரரின் அன்பு வருத்தமாகவும், வருத்தம் வெறுப்பாகவும் மாறுகின்றது. தவறு அவருடையது, தண்டனையோ குந்தாவுக்கு. சூரியமுகி திரும்பி வந்து வீடு மகிழ்ந்திருக்கும் வேளையில், வேலைக்காரி ஹீரா வைத்திருந்த நஞ்சை உட்கொண்டு குந்தா உயிர் துறக்கிறாள்.

இந்நாவலில் என் நெஞ்சை மிகவும் தொட்ட இடம் அவளது மரணமன்று. அதற்குச் சற்று முந்திய கணமாகும். வாழ்நாள் முழுவதும் கணவனுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசியறியாத குந்தா, இறக்கும் தறுவாயில்தான் வாய் திறந்து, தன்னை ஏன் கைவிட்டீர் என்று கேட்கிறாள். நகேந்திரரால் பதில் கூற முடியவில்லை. அந்தக் கேள்வியை அவள் ஒரு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால்? கேட்கலாம் என்று யாராவது அவளுக்குக் கற்பித்திருந்தால்?

அடக்கம் அவளைக் காப்பாற்றவில்லை. அப்படியாயின் துணிவு காப்பாற்றியிருக்குமா? பங்கிமரின் 'கிருஷ்ணகாந்தனின் உயில்' நாவலில் வரும் ரோகிணி துணிச்சல்மிக்க விதவை, அவளும் கொல்லப்படுகிறாள். 1903 இல் வெளிவந்த தாகூரின் 'சோக்கேர் பாலி'யில் வரும் கல்விகற்ற வினோதினி உயிரோடு இருக்கிறாள். ஆனால் காசிக்கே செல்கிறாள். அக்கால நாவலாசிரியர்களாலும் ஒரு விதவைக்கு நிம்மதியான இல்லமொன்றைக் கற்பனை செய்ய முடியவில்லை போலும்! சட்டம் மணக்கும் அனுமதியைத் தந்தது, மதிப்பைத் தரவில்லை.

முஸ்லிம் மாணவியராகிய நாம் இக்கதையை வாசிக்கும்போது ஒன்றை எண்ணிப் பார்க்கின்றோம். அன்னை கதீஜா (ரழி) அவர்கள் ஒரு கைம்பெண், வணிகம் செய்தவர், நபி (ஸல்) அவர்களை மணக்கும் விருப்பத்தைத் தாமே தெரிவித்தவர். நான்கு மாதமும் பத்து நாட்களும் இத்தா இருந்தபின் மறுமணம் செய்ய அல் குர்ஆன் இடமளிக்கிறது. அது மட்டுமல்ல, கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படலாம். முன்பு மணமானவளிடமோ அவளது சொல்லைக் கேட்டேயாக வேண்டும் என்பது நபிமொழி. குந்தாவுக்குக் கிடைக்காதது இந்தச் சொல்லுரிமையே.

ஆயினும் மார்க்கத்தில் இருப்பது வீட்டில் இருக்கின்றதா என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். கணவனை இழந்த மாமியோ சாச்சியோ நம் வீட்டிலும் இருக்கலாம். அவருடைய காரியங்களைப் பேசும்போது அவரும் அந்த இடத்தில் அமர்ந்திருக்கின்றாரா? அல்லது அடுப்படியில் நிற்கின்றாரா?

பெற்றோரே, வாய்பேசாத பிள்ளையை நல்ல பிள்ளை என்று புகழ்வது நம் வழக்கம். பணிவு நல்ல குணந்தான். ஆனால் தன் துயரத்தைச் சொல்லத் தெரியாத பணிவு ஆபத்தானது. உயிர் அல்லாஹ்வின் அமானிதம். அதைக் காக்கும் வழிகளில் ஒன்று, மனத்திலிருப்பதைச் சொல்வதும் அதைக் கேட்க ஒருவர் இருப்பதுமாகும். குந்தாவின் பேச்சைக் கேட்க அந்தப் பெரிய வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. நம் வீடுகளில் அந்த ஒருவராக நாம் இருப்போமாக.